சூடா ஒரு ஸ்டியரிங்!

மே மாதம் மத்தியானம் ரெண்டு மணிக்கு, வெயிலில் நிறுத்தி வைத்த அம்பாசடரின் ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கிறீர்களா? தொட்டவர்களுக்குத் தெரியும். ஈரத்துண்டைப் போட்டுப் பிடித்துக்கொண்டு 'ஸ்... ஆ...' என்று வீடு வரை ஓட்டி வரவேண்டும். நமக்கு இலவசமாகக் கிடைக்கிற அந்தச் சூட்டைக் காசு கொடுத்து வாங்குகிற ஊர் ஒன்று இருக்கிறது. அங்கேதான் என் அக்கா இருக்கிறாள்.

ஊர் வின்னிபெக். கனடாவின் நட்டநடுவில் மனிடோபா மாகாணத்தின் தலைநகரம். 'இன்று மைனஸ் முப்பது' என்று ரேடியோவில் சொன்னால் அங்கே ஒருத்தரும் காபி டம்ளரைக் கீழே வைப்பதில்லை. விமான டிக்கெட் ஜனவரியில்தான் மலிவு என்று கண்டுபிடித்தது என் பி.காம். மூளை. ஏன் மலிவு என்று யோசிக்க, பாடத்திட்டத்தில் இடமில்லை.

ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்து முதல் மூச்சை இழுத்ததும் மூக்குக்குள் இருக்கிற முடியெல்லாம் மொறுமொறுவென்று உறைந்துவிட்டது. "அத்தான், மூக்குல என்னவோ ஆயிடுச்சு" என்றேன். "ஒண்ணுமில்ல மாப்ளே, ஊர் உன்னை வரவேற்குது" என்றார் அத்தான்.

கார் நிறுத்துமிடத்தில் இன்னொரு அதிசயம். ஒவ்வொரு காரின் முன்பக்கமும் ஒரு பிளக் நாக்கு மாதிரித் தொங்குகிறது. வரிசையாகக் கம்பம் நட்டு, கம்பத்துக்குக் கம்பம் கரண்ட் பாயின்ட்.

"அட, எல்லாமே பேட்டரி காரா?"

"பெட்ரோல் வண்டிதான் மாப்ளே. ராத்திரி பிளக்கைச் சொருகி வச்சாத்தான் என்ஜின் விறைக்காம இருக்கும். இல்லேன்னா காலைல ஸ்டார்ட்டே ஆகாது."

ஆக, அந்த ஊரில் என்ஜினுக்கு ராத்திரி முழுக்க ஹீட்டர் உண்டு. டிரைவரின் கைக்கு? அதுதான் இந்தக் கட்டுரை.

*

அத்தானுக்கு ஆஸ்பத்திரி ஒன்றின் லாபில் வேலை. காலை ஷிஃப்ட். ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். பதினைந்து நிமிஷ டிரைவ். வண்டி, செகண்ட் ஹாண்டில் வாங்கியது. அந்த மாடலிலேயே ஆகக் குறைந்த ரகம்.

பெட்ரோல் காருக்குள் வருகிற சூடு, என்ஜின் தண்ணீரிலிருந்து எடுக்கிற சூடு. என்ஜினே குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறபோது அது உங்களுக்கு என்னத்தைக் கொடுக்கும்? முதல் பத்து நிமிஷம் ஹீட்டரைத் திருகினால் ஐஸ் காற்றுதான் அடிக்கும். காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாகும்போது ஆஸ்பத்திரி கேட் வந்துவிடும். அதுவரை கையில் இருப்பது ஸ்டியரிங். உள்ளே உலோகச் சட்டம், அதன் மேல் ஃபோம், அதன் மேல் தோல். ராத்திரி முழுக்க அந்தக் குளிரில் ஊறிய சாமான். அதைப் பிடிப்பது ஐஸ் குச்சியைக் கையில் பிடிக்கிற மாதிரிதான். என்ன, இதைப் பதினைந்து நிமிஷம் விடாமல் பிடிக்கவேண்டும்.

க்ளவுஸ் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். மெல்லிசு க்ளவுஸ் அந்தக் குளிருக்குப் போதாது. தடிமன் க்ளவுஸ் போட்டால் இண்டிகேட்டர் போட நினைக்கிற கை வைப்பரைப் போடும். விரல்கள் எல்லாம் ஒரே பைக்குள் ஒண்டிக்கொண்டு ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்கிற மாதிரி 'மிட்டன்' என்று ஒன்று உண்டு. க்ளவுஸைவிடக் கதகதப்பு. அதை மாட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால் பானையைப் பிடித்த கரடி மாதிரி இருக்கும்.

இதெல்லாம் எல்லாருக்கும் உள்ள கஷ்டம். அத்தானுக்கு இன்னொன்று உண்டு. நான் போன ரெண்டாவது நாள் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் சமையலறை மேஜையில் கையை நீட்டினார். வலது கையில் மூன்று விரல்கள், நடுக்கணு வரைக்கும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. கோடு போட்டுப் பிரித்த மாதிரி கீழே சாதாரண நிறம். கொஞ்ச நேரத்தில் வெள்ளை நீலமாகி, நீலம் சிவப்பாகி, "இப்பத்தான் மாப்ளே வலிக்க ஆரம்பிக்கும்" என்றார்.

ரேனோ என்று பெயர் சொன்னார். குளிர் பட்டதும் விரல்களுக்குப் போகிற சின்ன ரத்தக்குழாய்கள் தேவைக்கு அதிகமாகச் சுருங்கிக்கொள்ளும். ரத்தம் போகாது, உணர்ச்சி போய்விடும். டாக்டர் சொன்ன முதல் வைத்தியம்: கையைச் சில்லிட விடாதீர்கள்.

"ரெண்டு வாரம் முந்தி, சிக்னல் திரும்பறேன். கை ஸ்டியரிங்லதான் இருக்குன்னு கண்ணால பார்த்துத்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருந்தது. ரோட்டுல ஐஸ். வண்டி லேசா வழுக்குது. எவ்வளவு திருப்பறேன்னு கைக்குத் தெரியல. ஓரமா இருந்த பனிக்குவியல்ல போய் மூக்கைக் குத்தி நின்னுது."

அக்காவுக்குச் சொல்லவில்லையாம். சொன்ன இடம் சமையலறை, அக்கா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

*

அத்தானின் காரில், கியர் பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி. அதன் பக்கத்தில் அதே அளவில் வேறு பட்டன்கள். "இது என்ன தெரியுமா? மேல் ரக மாடல்ல ஸ்டியரிங்கைச் சூடாக்கற பட்டன் இங்கதான் இருக்கும். என்னோடதுல மூடி போட்டு அனுப்பிட்டான்" என்றார், பந்தியில் தன் இலைக்கு மட்டும் பாயசம் வராதவர் குரலில்.

கார் கம்பெனிகளின் இந்த மனசு புரிய ஒரு சின்ன உபகதை. 2022-ல் பி.எம்.டபிள்யூ. ஒரு வேலை செய்தது. சீட்டைச் சூடாக்குகிற கம்பியை காருக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டு, பிரிட்டன், தென்கொரியா போன்ற நாடுகளில் 'மாசா மாசம் சந்தா கட்டினால்தான் சூடு' என்றது. பிரிட்டனில் சீட்டுக்கு மாதம் 15 பவுண்டு. கட்டாவிட்டால் நீங்கள் வாங்கிய கம்பிமேலேயே நீங்கள் சில்லென்று உட்கார்ந்திருக்கலாம். ஜனங்கள் போட்ட கூச்சலில் 2023-ல் சீட் சந்தாவைக் கைவிட்டார்கள். வாடகை வீட்டில் கரண்ட்டுக்குத் தனி மீட்டர் வைக்கிற நம் ஹவுஸ் ஓனர்கள் இதைப் படித்துவிடக்கூடாதே என்பது என் கவலை.

அத்தான் வண்டியில் கம்பியே கிடையாது. வெளியிலிருந்து கொண்டுவந்து பொருத்தவேண்டும்.

அவர் ஏற்கெனவே ஒரு முயற்சி செய்து பார்த்திருந்தார். சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகுகிற, ஸ்டியரிங் மேல் மாட்டுகிற சூட்டு உறை. 35 டாலர். மாட்டி ஓட்டினால் சூடு வருகிறது, உண்மை. ஆனால் ஸ்டியரிங் சுற்றச் சுற்ற அந்த ஒயரும் கூடவே சுற்றுகிறது. ஒரு யு டர்ன் அடித்தால் தூணைச் சுற்றிய மாட்டுக்கயிறு மாதிரி ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு அவசரமாகத் திருப்பும்போது உறை மட்டும் திரும்புகிறது, உள்ளே இருக்கிற ஸ்டியரிங் 'எனக்கென்ன' என்று நிற்கிறது. அதைக் கழற்றி ஒரு பையில் போட்டு மூலையில் வைத்துவிட்டார். (அந்தப் பையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

இருக்கிற ஸ்டியரிங்கையே கழற்றிக் கொடுத்தால், தோலை உரித்து, அடியில் சூட்டுக் கம்பி வைத்து, மறுபடி தைத்துத் தருகிறவர்களும் உண்டு. ஆனால் அத்தனை நாள் காரை எப்படி ஓட்டுவது? வட்டமாக ஒரு இட்லித் தட்டைப் பிடித்துக்கொண்டா?

கடைசியில் அத்தான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி. பழைய கார்களை உடைத்து விற்கிற யார்டில், தன் மாடலின் மேல் ரகத்திலிருந்து கழற்றிய, சூடாகிற ஸ்டியரிங் ஒன்றை 150 டாலருக்கு வாங்கி வந்துவிட்டார்.

அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தோலுக்கு அடியில் மெல்லிய கம்பி, நெளிநெளியாக. சூடு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல ஒரு குட்டி சென்சார். அளவு மீறினால் நிறுத்த ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. பன்னிரண்டு வோல்ட், ஆறு ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 72 வாட். அந்தக்கால குண்டு பல்பு ஒன்று எரிகிற கரண்ட். ஒன்றிரண்டு நிமிஷத்தில் கைக்கு இதமாகிவிடும். பேட்டரி கார்க்காரர்கள் இதை ரொம்ப விரும்புவது இதனால்தான். அதில் ஓசிச் சூடு தர என்ஜின் கிடையாது. உள்ளே இருக்கிற காற்று முழுக்கச் சூடாக்க ஆயிரக்கணக்கான வாட் செலவாகும், அந்த அளவுக்குப் போகிற தூரம் குறையும். கையையும் முதுகையும் மட்டும் சூடாக்கினால் கொஞ்சம் கரண்ட்டில் காரியம் முடிந்துவிடும்.

"இவ்வளவுதானா? நாலு ஸ்க்ரூ கழட்டி மாட்ட வேண்டியதுதானே அத்தான்?"

அத்தான் பதில் சொல்லாமல், யார்டிலிருந்து வந்த ஸ்டியரிங்கின் நடுவைக் காட்டினார். நடுவில் ஒன்றுமே இல்லை. வெறும் பள்ளம்.

"இங்க இருக்கணுமே, ஏர்பேக், அதை வாங்கலை. நம்ம வண்டியோடதையே கழட்டி இதுல மாட்டணும்."

அங்கேதான் சார் விஷயமே இருக்கிறது.

*

ஏர்பேக் என்றதும் ஏதோ பலூன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பலூன்தான். ஆனால் ஊதுவது வெடிமருந்து. கார் மோதியதும், கண் இமைப்பதற்குள் என்று சொன்னால்கூடத் தப்பு. இமைப்பதில் பாதி நேரம்கூட ஆகாது. சுமார் முப்பது மில்லி செகண்டில், மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் போன்ற வேகத்தில் பை விரிகிறது. அதனால்தான் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் நெஞ்சுக்கும் குறைந்தது பத்து அங்குலம் இடைவெளி விட்டு உட்காரச் சொல்கிறார்கள். ஏர்பேக்கை பார்சலில் அனுப்பினால் அபாயகரமான சரக்கு என்று சீட்டு ஒட்டவேண்டும், யு.என். 3268 என்று அதற்குத் தனி நம்பரே இருக்கிறது. ஜெர்மனியில் இதைத் தொட, வெடிபொருள் சட்டப்படி பயிற்சி பெற்றிருக்கவேண்டும்.

பழைய ஏர்பேக்கை அத்தான் ஏன் வாங்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. டகாட்டா கம்பெனி ஏர்பேக்குகள் நாள்பட்டு உள்ளே மருந்து கெட்டு, பையோடு சேர்த்து இரும்புத் துண்டுகளையும் வீசி ஆட்களைக் கொன்றது உலகறிந்த கதை. அமெரிக்காவில் மட்டும் 6 கோடிக்கு மேல் திரும்ப அழைத்து மாற்ற உத்தரவானது. 2024-ல் அங்கே சாலைப் பாதுகாப்புத் துறை, விபத்தான கார்களில் மலிவாக மாட்டப்படுகிற மட்டமான ஏர்பேக் சாமான்கள் உயிரைக் குடிக்கின்றன என்று தனியாக எச்சரிக்கை விட்டது.

ஆக, 72 வாட் சூடு வேண்டுமானால் ஒரு வெடிகுண்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு, மறுபடி அது இருந்த மாதிரியே உள்ளே வைக்கவேண்டும். சூட்டைப் பொருத்துவது சுலபம். அது இருக்கிற இடம் அப்படி.

ஞாயிற்றுக்கிழமை. வீட்டோடு ஒட்டிய ஷெட். அத்தான் கையில் ஸ்பானர், நான் கையில் டார்ச். என் ஒன்பது வயது மருமகள் வாசற்படியில் பிஸ்கட்டோடு, பால்கனி டிக்கெட்.

முதலில் சக்கரங்களை நேராக வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். "இப்பத் தொடலாமா?" "தொடாதே. மோதின நேரத்துல பேட்டரி செத்தாலும் ஏர்பேக் வெடிக்கணுமே, அதுக்குன்னு உள்ளே கொஞ்சம் கரண்ட் சேர்த்து வச்சிருக்கும். அது வடியணும்." எவ்வளவு நேரம் என்பது காருக்குக் கார் மாறும், அந்தந்தக் கார் புத்தகத்தில் போட்டிருக்கும். நாங்கள் அதைப்போல ரெண்டு மடங்கு, டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பிறகு ஸ்டியரிங்கின் பின்பக்க ஓட்டையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒரு கம்பிக் கொக்கியைத் தள்ளினார். 'டொக்'. எனக்கு உயிர் போய் வந்தது. ஏர்பேக் முன்னால் வந்து தொங்கியது. மஞ்சள் ஒயர். மஞ்சள் என்றால் ஏர்பேக் ஒயர், விளையாடாதே என்று அர்த்தம். கழற்றி, முகப்பு மேலே பார்க்க ஒரு மூலையில் வைத்தார். தப்பித்தவறி வெடித்தால் பை கூரைக்குப் போகும். கவிழ்த்து வைத்தால் அந்த வட்டே ராக்கெட் ஆகிவிடும். மருமகளுக்கு வீட்டுக்குள் போக உத்தரவாயிற்று. அவள் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள்.

நடுவில் பெரிய போல்ட். அதை முழுக்கக் கழற்றாமல் நாலு சுற்று விட்டு வைத்துவிட்டு ஸ்டியரிங்கை ஆட்டி இழுத்தார். ஏன் என்று கேட்டால், முழுக்கக் கழற்றிவிட்டு இழுத்தால் திடீரென்று பிடுங்கிக்கொண்டு மூஞ்சியில் அடிக்குமாம். இந்த ஒரு போல்ட்டின் மகிமை தெரியவேண்டுமானால் 2018-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் போல்ட் லூஸாகலாம் என்பதற்காக ஃபோர்டு அந்த வருஷம் வட அமெரிக்காவில் கிட்டத்தட்ட 14 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஓடுகிற காரில் ஸ்டியரிங் கையோடு வந்தால் அதைச் சூடாக வைத்திருந்தும் பிரயோஜனமில்லை.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் டப்பா. கிளாக் ஸ்பிரிங் என்கிறார்கள். ஸ்டியரிங் சுற்றும், ஆனால் ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் ஒயர் போகணும், முறுக்கிக்கொள்ளவும் கூடாது. அதற்காக கேசட் டேப் மாதிரி பட்டையான ஒயரை உள்ளே சுருட்டி வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் ரெண்டரைச் சுற்று, அந்தப் பக்கம் ரெண்டரைச் சுற்று, விரிந்து சுருங்கும். அத்தான் வண்டியில் இருந்ததில் சூட்டுக்கு வேண்டிய தடித்த ஒயர் கிடையாது. அதனால் மேல் ரகத்தின் டப்பாவையும் புதிதாக வாங்கி வைத்திருந்தார், 140 டாலர். அது சரியாக நடுவில் நிற்கும்படி ஒரு ஊசி சொருகி வரும்.

எல்லாம் மாட்டினோம். போல்ட்டை, இவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டுகிற ஸ்பானரால் இறுக்கினார். பேட்டரியைக் கொடுத்தோம். டேஷ்போர்டில், மடியில் பந்தோடு உட்கார்ந்திருக்கிற மனிதன் மாதிரி ஏர்பேக் விளக்கு எரிந்து, அணைந்தது. அணைந்தால் பாஸ். புதுப் பட்டனை அழுத்தினார். ரெண்டு நிமிஷம். அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். சாமி கும்பிடும்போதுகூட அவர் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

"மாப்ளே, வா, ஒரு ரவுண்டு."

ஷெட்டை விட்டு நேராக வந்தோம். தெருமுனையில் இடது பக்கம் முழுக்க ஒடித்தார்.

'ப்ளக்.'

சின்னச் சத்தம்தான். மடியில் பந்தோடு அந்த மனிதன் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டான். இந்தத் தடவை போகவில்லை. ஹாரனை அழுத்தினால் மௌனம்.

ஆனால் ஸ்டியரிங்? சும்மா கும்மென்று சூடு! டப்பாவுக்குள் ரெண்டு பட்டைகள், அதில் அறுந்தது ஒன்று, சூட்டுக்குப் போகிறது இன்னொன்று.

*

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அத்தான் மெதுவாக ஆரம்பித்தார். "புது டப்பா வர எட்டு நாள் ஆகுமாம். அதுவரைக்கும்... வண்டி ஓடுது. கை சூடா இருக்கு. பதினைஞ்சு நிமிஷ டிரைவ்தானே. சீட் பெல்ட் இருக்கு."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எத்தனையோ காலை வேளைகளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் விரல் வெளுக்கவில்லை. ஒரு பக்கம் தினமும் நடக்கிற வலி. இன்னொரு பக்கம் என்றைக்கோ நடக்கலாம் என்கிற விபத்து. எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் கண்ணுக்குத் தெரிகிற நஷ்டத்தைத்தான் முதலில் எழுதத் தோன்றும்.

அக்கா சப்பாத்தியைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். "பனிக்குவியல்ல போய்க் குத்தினீங்களே, அன்னிக்கு எதிர்ல லாரி வந்திருந்தா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சப்பாத்தியைப் பார்த்தேன்.

அக்கா எழுந்துபோய், ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். தீர்ப்பு முடிந்தது.

"அதுசரி, எப்படி அறுந்தது? நடுவுல ஊசி சொருகித்தானே வந்துச்சு" என்று அத்தான் புலம்ப, மருமகள் வாயைத் திறந்தாள். "மாமாதான் அந்த டப்பால ஊசியை எடுத்துட்டுச் சுத்திச் சுத்தி விளையாண்டாங்க. நீங்க டீ குடிக்கறப்போ. அப்புறம் ஊசியைத் திருப்பி வச்சுட்டாங்க."

உண்மைதான் சார். எப்படிச் சுற்றுகிறது என்று சும்மா ரெண்டு சுற்று பார்த்தேன். ரெண்டரையில் ரெண்டை நான் சாப்பிட்டுவிட்டேன். ஒரு பக்கத்துக்கு மீதி அரைச் சுற்றுதான். முழுக்க ஒடித்தால் அறுந்துதானே தீரும்? பிஸ்கட் கொடுத்து வளர்க்கிற குழந்தைகள் இப்படித்தான் காட்டிக் கொடுக்கும். அத்தான் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

அந்த எட்டு நாளும் அவர் கூட வேலை செய்பவரின் காரில் போனார். அதற்குத் தெருமுனை வரைக்கும் நடந்துபோய் நிற்கவேண்டும். காலை ஐந்தே காலுக்கு எழுந்து, மிட்டனை ரேடியேட்டர் மேல் வைத்துச் சூடாக்கிக் கொடுக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

*

இரண்டாவது டப்பா வந்ததும் அக்கா ஷெட் கதவைத் திறக்க விடவில்லை. ஒரு மெக்கானிக்கிடம் வண்டி போயிற்று. தலையெல்லாம் நரைத்த மனிதர். நடந்ததைக் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்தாலும் அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அப்புறம் சொன்னார்: "நீங்கள் ஒரு விஷயம் சரியாகச் செய்தீர்கள். விளக்கை ஏமாற்றவில்லை." ஏர்பேக் ஒயரில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகி, கம்ப்யூட்டரை 'ஏர்பேக் இருக்கிறது' என்று நம்பவைத்து, விளக்கை அணைத்து காரை விற்கிற ஆசாமிகள் உண்டாம். வாங்குகிறவனுக்கு மோதுகிற நிமிஷம் வரை தெரியாது.

அக்கா கேட்டாள்: "இப்போ ஏர்பேக் வேலை செய்யும்னு எப்படித் தெரியும்?"

"வண்டியை ஸ்டார்ட் செய்கிற ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் அந்த ஒயரைச் சோதிக்கும். சரியாக இருந்தால் விளக்கு அணையும். வெடிக்கவைத்துப் பார்க்க வழி இல்லை."

அக்காவுக்குப் பாதி திருப்தி. அன்றிலிருந்து வண்டி ஸ்டார்ட் ஆனதும் அந்த விளக்கு அணைகிற வரைக்கும் அவள் எதுவும் பேசுவதில்லை.

செலவுக் கணக்கை நான் எழுதினேன். பி.காம். படித்ததற்கு அதாவது செய்யவேண்டாமா? ஸ்டியரிங் 150, முதல் டப்பா 140, பட்டன், ஒயர், ஃபியூஸ் 45. என் கைங்கரியத்தால் இரண்டாவது டப்பா 140. மெக்கானிக் கூலி, கம்ப்யூட்டரில் பிழையை அழித்தது எல்லாம் சேர்த்து 220. தூக்கிப்போட்ட உறை 35. ஆக மொத்தம் 730 டாலர். இதில் 140 என் கணக்கில் பற்று எழுதவேண்டியது. எழுதிக் காட்டினேன், அத்தான் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டார். 'ஆரம்பத்திலேயே மெக்கானிக்கிடம் விட்டிருந்தால்?' என்று ஒரு பத்தி போட்டு கூட்டிப் பார்த்தேன். 555 வந்தது. அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன், யாருக்கும் காட்டவில்லை.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று விடிகாலை மைனஸ் இருபத்தொன்பது. அத்தான்தான் ஏர்போர்ட்டுக்கு ஓட்டி வந்தார், க்ளவுஸ் இல்லாமல். சிக்னலில் நின்றபோது கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். பத்து விரலும் ஒரே நிறம். "தொட்டுப் பாரு" என்று ஸ்டியரிங்கைக் காட்டினார். தொட்டேன். ஆறிப்போகாத காபி டம்ளர் மாதிரி இருந்தது.

இறங்கும்போது ஒரு பார்சலைக் கையில் திணித்தார். "ஊர்ல யாருக்காவது உபயோகப்படும் மாப்ளே. சும்மா கிடக்குது."

விமானத்தில் பிரித்துப் பார்த்தேன். அந்த 35 டாலர் சூட்டு உறை.

இப்போது சென்னையில் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதிகம் உபயோகிக்காதது, நல்ல கண்டிஷன். அக்னி நட்சத்திரத்துக்கு முன்பாக வேண்டுவோர், சுயமுகவரியிட்டு ஸ்டாம்ப் ஒட்டிய உறையுடன் எழுதவும்.